ஹெட் கேஸ்கெட்: பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின்களும் தமிழகம், புதுச்சேரிப் பட்டறைகளும்

ஹெட் கேஸ்கெட் என்பது உள் எரி எஞ்சினின் சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய அடைப்புத் தகடு. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ள பட்டறைகளில் இது 'ஹெட் பேக்கிங்' என்றும் சொல்லப்படுகிறது. ஒன்றிரண்டு மி.மீ. தடிமனே உள்ள இத்தகடு எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகெண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்கிறது. இது பழுதானால் எஞ்சின் ஓடலாம். ஆனால் நெடுநேரம் ஓடாது.

ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் பழைய எஞ்சின்களில் இத்தகட்டை மாற்றும் வேலை தனிக் கவனம் கேட்பது. அந்த எஞ்சின்கள் இந்தியாவுக்கு வந்த வழி, உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் அவை ஓடிய விதம், கேஸ்கெட் இங்கேயே தயாரிக்கப்பட்டது, அதனுள் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பட்டறைத் தொழிலாளருக்குத் தந்த ஆபத்து ஆகியவை இந்த ஒரு தகட்டின் வரலாற்றில் சேர்ந்து வருகின்றன.

தோற்றம்

தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பாக இருந்தன. அவற்றில் கேஸ்கெட் கசியும் பேச்சே இல்லை. ஆனால் வால்வைத் தேய்க்கவோ பிஸ்டன் தலையில் படிந்த கரியை எடுக்கவோ பெரும்பாடு பட வேண்டியிருந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கார், கழற்றக்கூடிய ஹெட்டைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டு வந்தது. சில போல்ட்களைக் கழற்றினால் எஞ்சினின் உட்பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வசதிக்கு விலையாக வந்ததே ஹெட் கேஸ்கெட். இரண்டு மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் நாரை வைத்து அழுத்திய அமைப்பு அதன் வழக்கமான வடிவமானது. செம்பு மிருதுவானதால் சிறு மேடுபள்ளங்களில் படிந்துகொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் வெப்பத்தைத் தாங்கியது.

அன்று ஹெட்டைக் கழற்றுவது விபத்துக்குப் பின் செய்யும் வேலையாக இருக்கவில்லை. எரிபொருளும் எண்ணெயும் இன்றைய தரத்தில் இல்லாததால் எரிஅறையில் கரி விரைவில் படிந்தது. சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை ஹெட்டை எடுத்துக் கரி நீக்குவதும் வால்வு தேய்ப்பதும் அக்காலப் பராமரிப்பின் பகுதி. ஒவ்வொரு முறையும் கேஸ்கெட்டும் மாற்றப்பட வேண்டியிருந்தது. ஆகவே பழைய தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இது மிகவும் பழகிய வேலை. இன்றைய கார்களில் ஆயுள் முழுவதும் ஹெட் திறக்கப்படாமலே போவதும் உண்டு.

ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்

நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903-இல் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட காரை உருவாக்கியது. இங்கிலாந்தின் நேப்பியர் 1904 முதல் அத்தகைய கார்களை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வரிசையில் நிற்கும் ஆறு பிஸ்டன்களில் 1-6, 2-5, 3-4 என்னும் இணைகள் ஒரே நேரத்தில் மேலேறி இறங்குகின்றன. முன்பாதியின் அசைவைப் பின்பாதி சமன் செய்வதால் நான்கு சிலிண்டர் எஞ்சினில் உள்ள அதிர்வு இதில் பெரிதும் இல்லை. 1-5-3-6-2-4 என்பது இவற்றில் பரவலான எரிவரிசை.

அமெரிக்காவில் இந்த வடிவம் நடுத்தர மக்களின் காருக்கும் வந்தது. செவ்ரோலெட் 1929-இல் மேல்வால்வு ஆறு சிலிண்டர் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. கிரைஸ்லர் குழுமத்தின் பிளிமத் கார் 1933 முதல் பக்கவால்வு ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பெற்றது. பக்கவால்வு எஞ்சினில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் என்பது நீர் ஓடும் பள்ளங்கள் கொண்ட ஒரு மூடி மட்டுமே. மேல்வால்வு எஞ்சினில் வால்வுகளும் ராக்கர் தண்டும் ஹெட்டின்மேல் அமர்ந்திருக்கும். கேஸ்கெட் மாற்றும் வேலையின் அளவை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது.

இந்தியாவுக்கு வந்த வழி

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் பொருத்தும் ஆலையைத் தொடங்கியது. பாகங்களாகக் கப்பலில் வந்த செவ்ரோலெட் கார்களும் லாரி அடிச்சட்டங்களும் அங்கே இணைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அவற்றின் விற்பனையிலும் பழுதுபார்ப்பிலும் மதுரையின் டி.வி.எஸ். குழுமம் முன்னின்றது. பேருந்து ஓட்டுவதில் தொடங்கிய அக்குழுமம் பட்டறை நடத்துவதிலும் உதிரிபாக விநியோகத்திலும் தென்னிந்தியாவில் ஒரு மரபை உருவாக்கியது. கொங்குப் பகுதியில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சி–பழனி இடையே ஒரே பேருந்துடன் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலும் சொந்தப் பட்டறைகளோடு வளர்ந்தது.

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1947 முதல் பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ், டி சோட்டோ, பிளிமத் கார்களையும் லாரிகளையும் இணைத்தது. விடுதலைக்குப் பின் இந்தியச் சாலைகளில் ஓடிய ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் கார்களை இணைத்தது.

1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் அரசு இடமளித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் தன் ஆலையை மூடியது. விற்கப்பட்ட கார்கள் சாலையில் இருந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனம் நாட்டில் இல்லை. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி உரிமமும் அரிதானது. தயாரிப்பாளர் கைவிட்ட எஞ்சினை ஓட வைக்கும் பொறுப்பு பட்டறைகளின் தலையில் விழுந்தது.

போர்க்காலமும் மாற்று எரிபொருளும்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. பேருந்துகளும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. வண்டியின் பின்புறமோ பக்கத்திலோ பொருத்திய உலையில் மரக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை எஞ்சினுக்கு அனுப்பும் முறை அது. டி.வி.எஸ். குழுமம் இத்தகைய கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. பெட்ரோலோடு ஒப்பிட எஞ்சினின் திறன் வெகுவாகக் குறைந்தது. வடிகட்டியைத் தாண்டிச் சென்ற சாம்பலும் தாரும் வால்வுகளிலும் எரிஅறையிலும் படிந்ததால், ஹெட்டைத் திறந்து துப்புரவு செய்வது கரிவாயு வண்டிகளின் அன்றாடப் பாடானது.

தமிழர் வாழும் மற்றொரு நிலத்தில் இதேபோன்ற நெருக்கடி அரை நூற்றாண்டுக்குப் பின் ஏற்பட்டது. 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின், மோரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. அவை நான்கு சிலிண்டர் கார்கள். ஆயினும் சிக்கல் ஒன்றே. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு குறைவானதால் சுமையின்போது எஞ்சினில் தட்டல் ஓசை எழும். அந்தத் தட்டலின் திடீர் அழுத்தம் கேஸ்கெட்டில் சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள உலோக வளையத்தையே முதலில் தாக்குகிறது.

புதுச்சேரியின் ஊர்ப்புறம்

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்கள் சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தோடு பின்னிக் கிடந்தன. புதுச்சேரி நகரிலிருந்து பாகூர் செல்லும் வழி இடையே கடலூர்ப் பகுதியைக் கடந்தே போனது. வில்லியனூர் மட்டும் 1879-இல் திறக்கப்பட்ட புதுச்சேரி–விழுப்புரம் இருப்புப்பாதையில் அமைந்திருந்தது. எனவே ஒரு வண்டியோ ஒரு மூட்டை உதிரிபாகமோ ஊர்ப்புறத்துக்குப் போக, இரு அரசுகளின் விதிகளையும் கடக்க வேண்டியிருந்தது.

1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே சுங்க உடன்பாடு ஏற்பட்டது. 1949-இல் அது முடிவுக்கு வந்தபோது எல்லைகளில் மீண்டும் சுங்கச் சோதனை வந்தது. 1954-இல் இணைப்புப் போராட்டம் உச்சத்தை எட்டியபோது பொருள் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவு தெரிவித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்திய அரசிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவுற்றது.

இணைப்புக்குப் பின் எல்லைச் சோதனை போயிற்று. ஆனால் இந்தியா முழுவதற்குமான இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. நேரே கப்பலில் வரும் பாகங்களுக்கு வாய்ப்பு குறைந்தது. சென்னையே இப்பகுதிக்கு உதிரிபாகச் சந்தையானது. புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், உடைத்த வண்டிகளின் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இன்றும் பெயர் பெற்றவை.

டீசலுக்கு மாறிய ஆறு சிலிண்டர்

பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினை வைப்பது 1950-களில் பரவிய வழக்கம். அதற்குப் பெரிதும் பயன்பட்டது இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் பிராங்க் பெர்கின்ஸ் 1932-இல் தொடங்கிய நிறுவனத்தின் பி6 எஞ்சின். 1937-இல் அறிமுகமான இது 3.5 அங்குல விட்டமும் 5 அங்குல வீச்சும் கொண்ட, 4.73 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின். 1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சென்னை சிம்சன், பெர்கின்ஸ் உரிமத்துடன் டீசல் எஞ்சின் தயாரிப்பில் இறங்கியது. எண்ணூரில் 1948-இல் தொடங்கப்பட்டு 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட காமெட் வண்டிகளைத் தந்தது. 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் தயாரான டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளும் ஆறு சிலிண்டர் கொண்டவையே.

கேஸ்கெட்டின் பார்வையில் இது பெரிய மாற்றம். பழைய பிளிமத் எஞ்சினின் அழுத்த விகிதம் 7-க்கு 1 என்ற அளவை ஒட்டியே இருந்தது. டீசலில் அது 16-க்கு 1-ஐ ஒட்டியது. பெட்ரோல் காரில் தப்பித்துக்கொள்ளும் கவனக்குறைவு டீசலில் தப்பாது. பட்டறைகள் கையளவில் போல்ட் முறுக்கும் பழக்கத்தை விட்டு டார்க் ரெஞ்சை நாடியதில் இதற்குப் பங்கு உண்டு.

பெர்கின்ஸ் நிறுவனம் பி6-இன் அதே விட்டமும் வீச்சும் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினை பி3 என்ற பெயரில் செய்தது. அளவில் அது பி6-இல் சரிபாதி. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்களில் பெர்கின்ஸ் மரபில் வந்த சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இடம்பெற்றன. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் போன்ற வட்டாரங்களில் ஹெட் கேஸ்கெட் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது டிராக்டரும் லாரியுமே. ஆறு சிலிண்டர் காரில் செய்யும் அதே வேலை அங்கே பாதி நீளத்தில் நடக்கிறது.

உள்நாட்டுத் தயாரிப்பு

ஃபரீதாபாத்தின் டால்ப்ரோஸ் நிறுவனம் 1956-இல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் பேயன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் கேஸ்கெட் தயாரிப்புக்காகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே சென்னை செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்பட்டிருந்தது. எஞ்சினை முழுமையாகப் பிரித்து மூட்டத் தேவையான பாகங்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக நாட்டிலேயே கிடைக்கலாயின.

ஆயினும் உள்நாட்டு ஆலைகள் அதிகம் விற்கும் எஞ்சின்களுக்கே அச்சு செய்தன. எண்ணிக்கையில் குறைந்த பழைய கார்களுக்குப் பட்டறைகளே வழி கண்டன. சம்ப் மூடி, வால்வு மூடி, நீர் பம்பு போன்ற அழுத்தம் குறைந்த இடங்களுக்குக் கேஸ்கெட் தாளைப் பாகத்தின்மேல் வைத்து, விளிம்பில் சிறு சுத்தியால் தட்டியே வெட்டி எடுப்பது இன்றும் உள்ள வழக்கம். ஹெட்டுக்கு அது பொருந்தாது. அதற்குச் செம்புத் தகட்டை வெட்டிப் பயன்படுத்தும் முறை இருந்தது. செம்பு அழுத்தப்பட்டால் இறுகிப்போகும். செஞ்சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும். இதனால் முழுச் செம்புக் கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்த முடிந்தது. நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கொண்ட கேஸ்கெட்டுக்கு இது பொருந்தாது; ஒருமுறை நசுங்கிய நார் மீண்டும் எழாது.

நீண்ட ஹெட்டின் சிக்கல்

கிரைஸ்லரின் சிறிய ஆறு சிலிண்டர் எஞ்சின், அதன் ஹெட்டின் நீளத்தால் '23 அங்குல எஞ்சின்' என்று அழைக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 60 செ.மீ. இந்நீளமுள்ள வார்ப்பிரும்பு, 80 பாகை செல்சியஸ் சூடேறினால் அரை மி.மீ. அளவு நீள்கிறது. அலுமினிய ஹெட் என்றால் அதே சூட்டில் ஒரு மி.மீ.-க்கும் மேல் நீளும். கீழே உள்ள இரும்பு பிளாக் அந்த அளவுக்கு நீளாது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இந்த இழுபறி கேஸ்கெட்டின்மேல் நடக்கிறது. ஹெட் குட்டையாக இருந்தால் இழுபறியும் குறைவு. பெரிய டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் ஆறு சிலிண்டருக்கு இரண்டு ஹெட்கள் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது சிக்கல் நீரோட்டம். நீர் பம்பு முன்புறம் உள்ளது. ஆறாவது சிலிண்டர் ரேடியேட்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது. கிரைஸ்லர் பக்கவால்வு எஞ்சினில் இதைச் சரிசெய்ய, பிளாக்குக்குள் முன்னிருந்து பின்வரை நீளும் ஒரு மெல்லிய நீர்ப்பகிர்வுக் குழாய் உண்டு. அதன் துளைகள் வழியே ஒவ்வொரு வால்வு இருக்கைக்கும் குளிர்ந்த நீர் போகும். பல ஆண்டுகள் சாதா நீரில் ஓடிய எஞ்சினில் இக்குழாய் துருப்பிடித்துச் சிதைகிறது. அப்போது முன் சிலிண்டர்கள் மட்டும் குளிர்ந்து, பின் சிலிண்டர்கள் வேகின்றன. சூட்டுமானியில் அது தெரியாமலும் போகலாம்.

இந்த எஞ்சின்களில் கேஸ்கெட் பின்பக்கமே திரும்பத் திரும்பப் போவதற்கு இது முக்கிய காரணம். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் வண்டி சில காலம் ஓடும். மறுபடி அதே இடத்தில் போகும். பழி கேஸ்கெட்டின் தரத்தின்மேல் விழும். உண்மையில் கேஸ்கெட் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. வெப்பம், வளைவு, தளர்ந்த போல்ட், தட்டல் ஆகிய வேறொரு குறையை அது காட்டிக்கொடுக்கிறது. அக்குறையைத் தேடாமல் ஹெட்டை மூடுவது பாதி வேலைதான்.

நீரின் தன்மையும் இதில் சேரும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. கரைந்த சுண்ணாம்பு நீர்ப்பாதைச் சுவரில் படிந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கிறது. உப்பு துருவை விரைவாக்குகிறது. பழைய இரும்பு எஞ்சின்களுக்கும் துருத்தடுப்பான் கலந்த கூலன்ட்டே ஏற்றது.

பழுதின் அறிகுறிகள்

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை இயக்கும்போது விடாமல் குமிழி வருவது, கசிவு தெரியாமலே நீர் குறைவது, புகைபோக்கியில் ஆவி மணத்துடன் வெண்புகை, எண்ணெய் மோர் நிறமாவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியின் எண்ணெய் மூடிக்கடியில் மட்டும் சிறிது வெண்பசை இருந்தால் அது காற்றின் ஈரமாகவும் இருக்கலாம். அழுத்தச் சோதனையில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையிலுள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மாற்றும் முறை

எஞ்சின் முழுவதும் ஆறிய பின்பே வேலை தொடங்க வேண்டும். சூடான ஹெட்டின் போல்ட்களைத் தளர்த்தினால் அது வளைந்துவிடக்கூடும். நீரை வடித்து, பேட்டரி இணைப்பை நீக்கி, ரேடியேட்டர் குழாய், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். மேல்வால்வு எஞ்சினில் ராக்கர் தண்டையும் புஷ் ராடுகளையும் எடுத்து, எந்த ராடு எந்த இடத்தினுடையது என்று வரிசை மாறாமல் வைக்க வேண்டும். அட்டையில் பன்னிரண்டு துளையிட்டுச் செருகி வைப்பது எளிய வழி.

ஹெட் போல்ட்களை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்துவது முறை. ஒட்டிக்கொண்ட ஹெட்டைத் திருப்புளியால் நெம்பினால் அடைப்புப் பரப்பில் வடு விழும். ஹெட் வந்ததும் பழைய கேஸ்கெட்டைத் துடைத்தெறியும் முன் அதைப் படிப்பது அவசியம். கருகிய தடம் எந்தச் சிலிண்டரில், எந்தத் திசையில் போகிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

அடுத்தது சமதளச் சோதனை. நேர்க்கோட்டுப் பட்டையை ஹெட்டின் நீளவாக்கிலும் மூலைவிட்டங்களிலும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். நீண்ட ஆறு சிலிண்டர் ஹெட்டுக்கு முழு நீளத்திலும் 0.15 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. உற்பத்தியாளர் கையேடு வேறு அளவு தந்தால் அதுவே முடிவு. வரம்பு மீறினால் லேத் பட்டறையில் முகம் எடுக்க வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகின்றனர்.

போல்ட் துளைகளின் அடியில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறுகியதுபோல் பொய்க்கணக்குக் காட்டும்; மூடிய துளையில் பிளாக்கே விரிசல் விடவும் கூடும். மரைகளைத் துப்புரவு செய்து உலர்த்த வேண்டும். கிரைஸ்லர் பக்கவால்வு எஞ்சினில் போல்ட் துளைகள் நீர்ப்பாதைக்குள் திறப்பதால், மரையில் கசிவுத்தடுப்புப் பசை பூச வேண்டும். அதே வேளையில் நீர் பம்பைக் கழற்றி நீர்ப்பகிர்வுக் குழாயையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. ரேடியேட்டர் ஏற்கெனவே காலியாக இருக்கும் அந்நேரமே அதற்கு ஏற்ற நேரம்.

புதிய கேஸ்கெட்டின் நீர்த்துளைகள் பிளாக்கின் துளைகளோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, சரியான முகம் மேலே வருமாறு வைக்க வேண்டும். பிறகு போல்ட்களை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சுருள்போக்கில், மூன்று கட்டமாக முறுக்க வேண்டும். கிரைஸ்லர் பக்கவால்வு எஞ்சினின் இறுதி அளவு 65 முதல் 70 அடி-பவுண்டு, அதாவது சுமார் 88 முதல் 95 நியூட்டன் மீட்டர். எஞ்சினைச் சூடேற்றிய பின் கையேடு சொல்லும் நிலையில் மறுபடி முறுக்குவதும், சில நூறு கி.மீ. ஓடியபின் இன்னொருமுறை சரிபார்ப்பதும் பழைய கூட்டுக் கேஸ்கெட்டுக்குக் கட்டாயம். நார் அமுங்குவதால் பிடிப்பு தளரும் என்பதே காரணம். மேல்வால்வு எஞ்சினில் ஒவ்வொரு மறுமுறுக்கலுக்குப் பின்னும் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் மறைந்த ஆபத்து

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவது பட்டறையில் பெரும்பாலும் இளம் உதவியாளரின் வேலை. வயர் பிரஷால் உலரத் தேய்ப்பதும், காற்றுக்குழாயால் தூசியை ஊதுவதும் பரவலான வழக்கங்கள். செம்பு-ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட்டில் இவை இரண்டும் ஆபத்தானவை. கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா ஆகிய நோய்களைத் தரக்கூடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளைப் பேணுதல் உள்ளிட்ட கடமைகளை விதித்தது. அத்தீர்ப்பு ஆலைத் தொழிலாளரை மையமாகக் கொண்டது. முறைசாராப் பட்டறைகளில் வருகைப் பதிவேடே இராது. எனவே நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் மூச்சுத்திணறலை அன்று சுரண்டிய கேஸ்கெட்டோடு இணைத்துக் காட்ட எவராலும் இயலாது.

பழைய எஞ்சினைத் திறப்பவர்கள், சோதித்துத் தெரியாதவரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கொள்வது பாதுகாப்பு. தகட்டை நன்கு நனைத்து, தட்டையான சுரண்டியால் துண்டாக எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அகற்ற வேண்டும். மின் பிரஷ், காற்றுக்குழாய் இரண்டும் கூடாது. துணியால் மூக்கைக் கட்டுவது இந்நாரைத் தடுக்காது. நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் தேவை.

இன்றைய நிலை

1990-களிலிருந்து புதிய எஞ்சின்களில் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் பரவியுள்ளது. அதற்கு மிக வழவழப்பான பரப்பு தேவை என்பதால், பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் நேரடியாக வைத்தால் பயன் தராது. அவற்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கூட்டுக் கேஸ்கெட்டோ முழுச் செம்புத் தகடோ பயன்படுகிறது.

ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்கள் அன்றாடச் சாலையிலிருந்து மறைந்து, சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரிலான அறக்கட்டளை 2015-இல் தொடங்கிய ஜீடி கார் அருங்காட்சியகம் அவற்றுள் ஒன்று. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு தொடர்ந்து நடக்கிறது. எஞ்சின்கள் மாறினாலும் நேர்க்கோட்டுப் பட்டையும் ஃபீலர் கேஜும் டார்க் ரெஞ்சும் பாடத்தில் மாறவில்லை. பாகூர் வயலோரம் நிற்கும் மூன்று சிலிண்டர் டிராக்டருக்கும் 1947-இன் பிளிமத்துக்கும் பொதுவான விதி ஒன்றே: போல்ட்டை நடுவிலிருந்து முறுக்கு, அதற்கு முன், பழைய தகடு ஏன் போனது என்பதைக் கண்டுபிடி.